இளங்குதிரையை யாரிடம் ஒப்படைப்பது?

விஜயதசமி நாளில் வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளும் காட்சியைத் திருவனந்தபுரத்தில் வாழும் நம் குடும்பத்தினர் பலரும் கண்டிருப்பர். கிழக்கே கோட்டைக்குள் சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரை மாளிகைக்குப் போனவர்கள், இறவாரத்தின் கீழ் வரிசையாக நிற்கும் 122 மரக் குதிரைகளையும் பார்த்திருப்பர். கண்ணேற்றுமுக்கில் காவல்துறைக் குதிரைப் பிரிவின் லாயம் இருக்கிறது. குதிரை நம் நகருக்குப் புதியதன்று. ஆனால் வீட்டில் குதிரை வளர்ப்போர் நம்மிடையே அரியர். அதனால்தான் சென்ற ஆண்டு சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு நண்பர் கேட்ட கேள்வி என்னை நிற்க வைத்தது.

"அண்ணாச்சி, வீட்டிலே நிக்கிற குதிரையை யாருக்காவது இரவல் கொடுக்கலாமா?"

நண்பர் நாகர்கோவில் பக்கத்துக்காரர்; நகருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு கட்டியிருக்கிறார். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு பெண் குதிரை வாங்கினார். மகள் முறையாகச் சவாரி கற்று, குதிரையையும் பழக்கினாள். இப்போது அவள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். குதிரைக்கு வயது நான்கு. நல்ல கால்கள், நல்ல குணம்; சரியான கையில் வளர்ந்தால் போட்டிகளுக்கும் போகும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நண்பருக்கோ முழங்கால் வலி, ஏற முடியாது. விற்கவும் மனமில்லை. கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

நான் குதிரை ஏறத் தெரியாதவன். ஆனால் ஒப்பந்தச் சட்டம் படித்தவன். அச்சட்டத்தில் குதிரைகள் ஏராளமாக வரும்! எனக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடமும் கேட்டறிந்து நண்பருக்குச் சொன்னவற்றையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

முதலில் குதிரையை அறிக

ஆளைத் தேடுமுன் குதிரையை அறிய வேண்டும். நான்கு வயதுக் குதிரை பார்வைக்கு முழு வளர்ச்சி பெற்றதுபோல் தோன்றும். உண்மையில் அது இன்னும் வளரும் பிள்ளை. குதிரைக்குப் பால் பற்கள் எல்லாம் விழுந்து நிலைப் பற்கள் அமைய ஐந்து வயதாகும். எலும்பின் வளர்ச்சி கீழிருந்து மேலாக முடிகிறது. குளம்பருகே முதலில், முதுகெலும்பில் கடைசியில். முதுகெலும்பு முற்றும் முதிர ஐந்து வயதுக்கு மேல் ஆகும். நாம் சேணம் போட்டு ஏறி உட்காருவதோ அந்த முதுகில்தான்.

ஆகவே முதல் கேள்வி எடையைப் பற்றியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்து 2008ல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைகளின் மேல் அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமை ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தனர். 25 சதவீதத்துக்குப் போனதும் தசை வலியும் இதயத் துடிப்பும் கூடின. அதனால் 20 சதவீதம் என்பதை எல்லையாகக் கொள்வது நல்லது. நண்பரின் குதிரை ஏறத்தாழ 380 கிலோ. அதில் 20 சதவீதம் 76 கிலோ. சேணமும் பிற சாமான்களும் 8 கிலோ போனால், ஏறுபவர் 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இளங்குதிரைக்கு இதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நன்று.

இரண்டாவது, நம் ஊரின் காற்று. இங்கே இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம், இடையில் புழுக்கம். ஈரத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுக்கும். தினமும் குளம்பைக் கிளறிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் பார்க்க வேண்டும். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரையை வெயிலில் ஓட்டினால் உடல் சூடு ஏறி உயிருக்கே ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்கு வயிற்றுவலிதான் வரும். அந்த வலி ஒரே இரவில் கொன்றுவிடக் கூடும். அதனால்தான் கொள்ளானாலும் புல்லானாலும் சிறிது சிறிதாகப் பலமுறை தர வேண்டும்.

மூன்றாவது, குணம். எந்தக் குதிரைக்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கும். நண்பரின் குதிரைக்குக் குடை. யாராவது பக்கத்தில் சட்டென்று குடையை விரித்தால் அது துள்ளிப் பக்கவாட்டில் பாயும். மழைக்குப் பேர்போன இந்த ஊரில் இப்படி ஒரு பயம்!

"அதைச் சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. நாளாவட்டத்திலே அவங்களே பழக்கிக்கிடுவாங்க" என்றார் நண்பர்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவருக்குச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் தம் பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் கொடுத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைச் சட்டம் ‘ஒப்படைப்பு’ என்று கொள்கிறது; ஆங்கிலத்தில் பெயில்மென்ட் என்பர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148ஆம் பிரிவு முதல் இதற்கான விதிகள் உள்ளன. குதிரை இரவலும் இதில் அடங்கும்.

150ஆம் பிரிவைப் பாருங்கள். பொருளில் உள்ள குறை கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சட்டம் இதற்குத் தரும் உதாரணமே ஒரு குதிரைதான். முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் இரவல் கொடுக்கிறார். குதிரை தறிகெட்டு ஓடுகிறது. வாங்கியவர் விழுந்து காயப்படுகிறார். அந்த நட்டத்துக்குக் கொடுத்தவரே பொறுப்பு. வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்தாலோ பொறுப்பு இன்னும் கூடும்: குறை தமக்குத் தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்பது 151ஆம் பிரிவு. சொன்ன வகையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது 154ஆம் பிரிவு. இங்கும் குதிரைதான் உதாரணம்: தான் மட்டும் ஏறுவதாகச் சொல்லி வாங்கியவர், தம் குடும்பத்தில் ஒருவரை ஏறவிடுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. வாங்கியவர் நட்டஈடு தர வேண்டும். இன்னோர் உதாரணத்தில், கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போக என்று குதிரையை வாடகைக்கு எடுத்தவர் கட்டாக்குக்குப் போகிறார். அங்கே குதிரைக்கு நேர்ந்த தீங்குக்கு அவரே பொறுப்பு.

வாடகையில்லா இரவலுக்கு ஒரு தனி விதி உண்டு. கெடு வைத்துக் கொடுத்திருந்தாலும் இடையிலேயே திரும்பக் கேட்கலாம் என்கிறது 159ஆம் பிரிவு. ஆனால் அந்தக் கெடுவை நம்பி வாங்கியவர் செலவு செய்து, அவர் அடைந்த நன்மையைவிட நட்டம் மிகுமானால், மிகுந்த அளவைக் கொடுத்தவர் ஈடுசெய்ய வேண்டும். இருவரில் ஒருவர் இறந்தால் இந்த இரவல் முடிந்துவிடும். பெண் குதிரை அவரிடம் இருக்கும்போது குட்டி ஈன்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை குட்டியும் உரிமையாளருக்கே சேரும்.

வீரரா, பொறுமைசாலியா?

இனி ஆளைத் தேடுவோம். கேட்டு வந்த இருவரில் ஒருவர் இளைஞர். கடற்கரையில் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டு வருபவர். எந்த முரட்டுக் குதிரையையும் அடக்குவேன் என்றார். மற்றவர் முப்பது வயதுப் பெண். மருத்துவமனை ஒன்றில் வேலை. ஆறு ஆண்டாகச் சவாரி செய்பவர், அதிகம் பேசாதவர். நண்பரின் மனம் இளைஞரிடமே சென்றது. காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். குதிரை என்றால் நம் நினைவில் வருபவன் செஞ்சிக் கோட்டைத் தேசிங்குராசன். தில்லியில் யாராலும் ஏற முடியாத குதிரையில் ஏறி அடக்கி, அதையே பரிசாகப் பெற்றான் என்கிறது கதைப்பாடல். ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு 1714ல் மாண்ட இளம் வீரனை மக்கள் அப்படி நினைவில் வைத்தார்கள்.

இதே போன்ற கதை கிரேக்கத்திலும் உண்டு. பூசிபலசு என்ற குதிரையை யாராலும் நெருங்க முடியவில்லை. சிறுவன் அலெக்சாண்டர் மட்டும் அது தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று கவனித்தான். முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பி, தட்டிக் கொடுத்து, பிறகே ஏறினான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இதை வீரக் கதை என்று படிக்கிறோம். உற்றுப் பார்த்தால் இது கவனித்தவனின் கதை. மற்றவர்கள் குதிரையின் முரட்டுத்தனத்தைப் பார்த்தார்கள். அவன் அதன் பயத்தைப் பார்த்தான்.

நம் கேள்விக்கு நேரான விடை சொன்னவர் செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். இளங்குதிரையைப் பழக்குநரிடம் அனுப்பும்போது, பிள்ளையைத் தொழில் பழக அனுப்புவதுபோல, திரும்பி வரும்போது அது என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டே அனுப்ப வேண்டும் என்கிறார். குதிரை அதற்கு முன்பே மனிதரை நேசிக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

முதிர்ந்த குதிரை ஏறுபவரின் பிழையைப் பொறுக்கும். இளங்குதிரை அந்தப் பிழையைப் பாடமாகக் கற்றுக்கொள்ளும். கடிவாளத்தை ஒருநாள் வெடுக்கென்று இழுத்தால், மறுநாள் கடிவாளத்தைக் கண்டதுமே தலையைத் தூக்கும். அதனால் இளங்குதிரைக்கு வேண்டியவர் மிகத் துணிந்தவர் அல்லர். கை பதறாதவர், நாளும் ஒரே மாதிரி நடந்துகொள்பவர்.

ஆளை அறியும் வழி

நண்பருக்குச் சொன்ன முறை இதுதான். இருவரையும் தனித்தனி நாளில் வரச் சொல்லுங்கள். உடனே ஏறச் சொல்லாதீர்கள். லாயத்திலிருந்து குதிரையைப் பிடித்து வருவது முதல் சேணம் பூட்டுவது வரை அவர்களே செய்யட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்கிறார்களா? சேணத்தின் கீழே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவுகிறார்களா? தலைக்கவசம் போடுகிறார்களா? பிறகு, குதிரை ஒன்றைச் செய்ய மறுக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அடிக்கிறார்களா, அல்லது சற்று நின்று, எளிதான ஒன்றைக் கேட்டு, மீண்டும் வருகிறார்களா? இறங்கிய பின் தண்ணீர் காட்டி, உடம்பு ஆறும்வரை நடத்துகிறார்களா? ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. சவாரிக்குப் பின் அது இறங்கி வருகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் நல்ல மாணவர்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகள். கேள்வியே கேட்காதவர் குதிரையைத் தம் ஆசைக்காகக் கேட்கிறார் என்று பொருள்.

நண்பர் அப்படியே செய்தார். குடை பயத்தையும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இருவரிடமும் சொன்னார். இளைஞர் சிரித்து, "ரெண்டு நாள்ல சரியாக்கிடலாம்" என்றார். அந்தப் பெண் சற்று யோசித்து, "எந்தப் பக்கம் விரிச்சா அதிகமா மிரளுது சார்? இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்று கேட்டார்.

நண்பருக்கு விடை தெரியவில்லை. ஆனால் யாரிடம் கொடுப்பது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் கேட்டது வெறும் பேச்சன்று. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. இடப்பக்கம் பார்த்துப் பழகிய பொருள் வலப்பக்கம் வந்தால் சில குதிரைகள் புதிதாக மிரளக் கூடும். எனவே எதைப் பழக்கினாலும் இரு பக்கமும் பழக்க வேண்டும். மூடிய குடையைத் தரையில் போட்டுப் பக்கத்தில் தீனி வைப்பது, தொலைவில் மெல்ல விரிப்பது, நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்குவது என்று வாரக் கணக்கில் செய்யும் வேலை அது. இரண்டு நாளில் முடியாது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பின்வருவனவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

1. குதிரையின் வயது, நிறம், அடையாளங்கள், அன்றைய உடல்நிலை. கால்நடை மருத்துவரின் சான்றிதழ் ஒன்றை இணைத்துவிடலாம்.
2. தெரிந்த குறைகள், பயங்கள் அனைத்தும்.
3. முழு இரவலா, வாரத்தில் சில நாள் மட்டுமா? குதிரை யார் லாயத்தில் நிற்கும்? இளங்குதிரைக்கு முதல் ஒரு மாதம் சொந்த லாயத்திலேயே நிற்பது நல்லது. இடமும் ஆளும் ஒரே நாளில் மாறக் கூடாது.
4. யார் மட்டும் ஏறலாம். என்ன வேலை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது. குறிப்பாகத் தாண்டுதல், பந்தயம், சாலையில் ஓட்டம்.
5. தீனி, லாடம், தடுப்பூசி, மருத்துவர் செலவு யாருடையது. ரணஜன்னித் தடுப்பூசியின் தேதியும் வேண்டும்.
6. காப்பீடு யார் பெயரில். நள்ளிரவில் வயிற்றுவலி வந்து உரிமையாளரைப் பிடிக்க முடியாவிட்டால், சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை யாருக்கு.
7. எத்தனை மாதம், முன்னதாக முடிக்க எத்தனை நாள் அறிவிப்பு.

கயிறு மாற்றிய பின்

திருவிளையாடலில் ஒரு காட்சி உண்டு. மாணிக்கவாசகருக்காகக் குதிரை வணிகராக வந்த சிவபெருமான், பாண்டியனிடம் குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு கைமாறினால் பொறுப்பும் கைமாறியது என்பது அக்கால வழக்கம். அன்றிரவே பரிகள் நரிகளாயின! விற்பனைக்கு அந்த வழக்கம் பொருந்தலாம். இரவலில் கயிறு மாறினாலும் பொறுப்பு முழுதும் மாறுவதில்லை. மாதம் ஒருமுறையாவது போய்க் குதிரையைப் பார்க்க வேண்டும். விலா எலும்பு தெரிகிறதா, முதுகில் சேணப் புண் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

அதே வேளையில் தினமும் போய்க் குறை சொல்லிக்கொண்டிருப்பதும் தவறு. தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளான 510ஆம் குறளில் வள்ளுவர் இரண்டையுமே கண்டிக்கிறார்: ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரிடம் பின்பு ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறார். அடுத்த அதிகாரத்தின் 517ஆம் குறளோ, இன்ன வேலையை இன்ன வழியில் இவர் முடிப்பார் என்று தெரிந்தபின் அதை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறது. இளங்குதிரைக்கு இரண்டு எசமானர் இருந்தால் அது யார் சொல்லையும் கற்காது.

உரிமையாளர் ஒருவர், ஏறுபவர் வேறொருவர் என்பது உலகப் போட்டிகளிலும் வழக்கம்தான். பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா 2018 சகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றார். குதிரையேற்றத்தில் இந்தியருக்குத் தனிநபர் பதக்கம் கிடைத்தது 1982 தில்லி விளையாட்டுக்குப் பிறகு அப்போதுதான். 2021ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். இரண்டிலும் அவர் ஏறிய சென்யோர் மெடிகாட் என்ற குதிரை அவருடைய சொந்தக் குதிரையன்று. அவருக்கு ஆதரவளித்த எம்பசி நிறுவனத்தார் வாங்கித் தந்தது. குதிரை ஒருவருடையதாகவும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருந்து, நம்பிக்கை இருவருக்கும் பொதுவாயிற்று.

நண்பரின் குதிரை ஆறு மாதமாக அந்தப் பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் அவர் அதில் ஏறிய நாளைவிடக் கூட நடந்த நாளே அதிகம். சென்ற மாதம் நண்பர் பார்க்கப் போயிருந்தபோது தூறல் விழுந்தது. அவரோடு வந்தவர் மறதியாகக் குடையை விரித்துவிட்டார். குதிரை காதை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு பெருமூச்சு விட்டு, மீண்டும் புல்லைத் தின்னத் தொடங்கியதாம். நண்பர் அன்றிரவே சென்னைக்குத் தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அழுதுவிட்டாள் என்றார்.

நம்மில் பெரும்பாலோரிடம் குதிரை இல்லை. ஆனால் ஊரிலே வீடு இருக்கிறது. வயலும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. பிழைப்புக்காக ஆரல்வாய்மொழிக்கு இப்பால் வந்த நாம், அவற்றை யாரோ ஒருவர் கையில் விட்டுத்தான் வந்திருக்கிறோம். அங்கேயும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் இவையேதாம்: குறையை மறைக்காமல் சொன்னோமா? ஆளை ஆராய்ந்தோமா? எழுதி வைத்தோமா? அதன்பின் நம்பினோமா?